போக்கிமான் சிங்கிள்ஸில் தாக்குதல் டீம் கட்டுவது எப்படி?

கேள்வி இது: "ஸ்கார்லெட், வயலட் தலைமுறையில் ஆறுக்கு ஆறு சிங்கிள்ஸ் ஆடுகிறேன். அடி பலமாக விழும் ஆறு போக்கிமானாகப் பொறுக்கி டீம் போட்டேன். எதிராளி இரண்டு மூன்று சுவர்களை (அடி தாங்கும் போக்கிமான்களை) மாற்றி மாற்றி இறக்கியே என்னை முடித்துவிடுகிறார். தாக்குதல் டீம் என்பதே இனிச் சரிப்படாதா, இல்லை நான் கட்டுவதில் பிழையா?"

சரிப்படும். நீங்கள் கட்டியதில்தான் பிழை. ஆறு பேரும் தனித்தனியாகப் பலசாலிகளாக இருந்தும் ஒருவருக்கொருவர் எதையும் கொடுத்துக்கொள்ளவில்லை. தாக்குதல் டீமை நான் ஒரு வரிசையாகத்தான் பார்க்கிறேன். முன்னால் போகிறவர் விழும்போது பின்னால் வருகிறவருக்கு ஏதோ ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டும். உடைந்த ஒரு சுவராக இருக்கலாம், தரையில் கிடக்கும் கற்களாக இருக்கலாம், அடி வாங்காமல் உள்ளே வர ஒரு டர்னாக இருக்கலாம். எதையும் விட்டுவைக்காமல் விழுந்தால் அந்த இடம் வீணான இடம்.

இந்த ஆட்டத்தில் காசு என்றால் டர்ன்தான். ஒரு கணக்கைப் பார்த்தால் இது புரியும். ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் என்ற மூவ் அட்டாக்கை இரட்டிப்பாக்கும். முதல் டர்னில் அந்த டான்ஸை ஆடி, இரண்டாவது டர்னில் அடித்தால் மொத்தம் இரண்டு அடிக்குச் சமம். ஆடாமல் இரண்டு டர்னும் அடித்திருந்தாலும் அதே இரண்டு அடிதான். மூன்றாவது டர்னில்தான் லாபம் தொடங்குகிறது. உங்கள் ஸ்வீப்பர் (பலம் ஏற்றிக்கொண்டு எதிரணியை வரிசையாக வீழ்த்துபவர்) உடம்பு மெலிந்தது. மூன்றாவது டர்ன் வரை அது நிற்குமா என்பதே கேள்வி. அந்த முதல் டர்ன் அதற்கு இலவசமாகக் கிடைத்தால் நிற்கும். நீங்களே எதிராளியின் அடிக்கு நேராக நின்று ஆடினால் நிற்காது. தாக்குதல் டீம் கட்டுவது என்பதில் பெரும்பகுதி, இந்த இலவச டர்ன்களை எங்கிருந்து எடுப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான்.

முதல் இலவச டர்ன் லீடிடமிருந்து, அதாவது முதலில் இறங்கும் போக்கிமானிடமிருந்து வருகிறது. லீடின் வேலை எதிராளியைக் கொல்வதில்லை. எதிராளியின் பக்கம் ஸ்டெல்த் ராக் (உள்ளே வருபவரைக் குத்தும் கற்கள்) போட்டுவிட்டு, முடிந்தால் இன்னும் ஒரு தொல்லை கொடுத்துவிட்டு, நேரம் வீணாக்காமல் போய்ச் சேர்வது. ஸ்டெல்த் ராக் 2006இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளோடு வந்தது. அதற்கு முன் தரையில் போட ஸ்பைக்ஸ் மட்டும்தான். அது பறக்கும் வகையைத் தொடாது. ஸ்டெல்த் ராக் பறப்பவரையும் தொடுகிறது. சாதாரணமாக 12.5 சதவீதம், பாறைக்குப் பலவீனமானவருக்கு 25 சதவீதம், இரட்டைப் பலவீனம் உள்ள வோல்கரோனா போன்றவருக்கு 50 சதவீதம் என்று உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் ஹெச்.பி. (உயிர் அளவு) போகும். சுவர்களை மாற்றி மாற்றி இறக்கும் எதிராளியிடம் இதுதான் உங்கள் வரிவசூல். இப்போது அவர் இலவசமாக மாற்றுகிறார், அதனால்தான் நீங்கள் தோற்கிறீர்கள்.

இந்த 12.5 சதவீதம் பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடியின் டேமேஜும் அதன் உச்ச அளவில் 85 முதல் 100 சதவீதத்துக்குள் எங்கேயாவது விழும். ஒரு அடி எதிராளியின் ஹெச்.பி.யில் 85க்கும் 100க்கும் இடையில் எடுக்கிறது என்று வையுங்கள். கல் இல்லையென்றால் அவர் பெரும்பாலும் பிழைத்துத் திருப்பி அடிப்பார். கல் ஒரு தடவை குத்தியிருந்தால் மிச்சம் 87.5, அதே அடி இப்போது பெரும்பாலும் கொன்றுவிடும். மேலே ஒரு அடுக்கு ஸ்பைக்ஸ் இருந்தால் இன்னொரு எட்டில் ஒரு பங்கு போகிறது; அப்புறம் பேச்சே இல்லை. பலம் குறைவு என்று ஸ்வீப்பரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலருக்கு உண்மையில் குறைவது தரையில் கிடக்க வேண்டிய கற்கள்தான்.

இந்தத் தலைமுறையில் அந்த வேலைக்கு நான் முதலில் எடுப்பது கிளிம்மோரா. பாறையும் விஷமும் சேர்ந்த வகை. ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ் இரண்டும் போடும். மார்ட்டல் ஸ்பின் அடித்தால் நம் பக்கத்துக் கற்களைத் துடைத்துவிட்டு எதிரில் நிற்பவருக்கு விஷமும் ஏற்றும். டாக்ஸிக் டெப்ரி என்ற ஏபிலிட்டி (பிறவித் திறன்) இருப்பதால் உடல் வகை அடி விழும்போதெல்லாம் எதிர்ப்பக்கம், உள்ளே வருபவருக்கு விஷமேற்றும் டாக்ஸிக் ஸ்பைக்ஸ் தானாகவே விழும். கையில் ஃபோகஸ் சாஷ் கொடுத்தால் முழு ஹெச்.பி.யில் எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் 1 ஹெச்.பி.யில் நிற்கும். எதிரில் கிரேட் டஸ்க் வந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். இருவரும் முழு ஸ்பீடில் இருந்தால் டஸ்க் 300, கிளிம்மோரா 298. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் டஸ்க் முந்துகிறது. எர்த்குவேக் அடிக்கிறது, கிளிம்மோராவுக்கு அது நான்கு மடங்கு. ஆனால் சாஷ் காப்பாற்றுகிறது, டாக்ஸிக் ஸ்பைக்ஸ் விழுகிறது, கிளிம்மோரா தன் முறையில் கல் போடுகிறது. ஒரே டர்னில் இரண்டு வேலை. அடுத்த டர்னில் அது செத்தாலும் கணக்கு நம் பக்கம்.

ஒரு விஷயம். 1 ஹெச்.பி.யில் நிற்கும் லீடைத் தேவையில்லாமல் சாகவிடாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள், சிலர் உடனே விட்டுவிடச் சொல்வார்கள். நான் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பேன். எதிராளி நம் பக்கம் கல் போடாத ஆட்டம் என்றால் அந்த 1 ஹெச்.பி. பின்னால் பொன்னாகும். எந்த அடியையும் அது ஒரு தடவை வாங்கிக்கொண்டு விழும்; அது விழுந்த இடத்தில் ஸ்வீப்பர் காயமில்லாமல் வந்து நிற்கும். நம் பக்கமும் கல் கிடந்தால் உள்ளே வரும்போதே செத்துவிடும். அப்போது இருக்கும் இடத்திலேயே இன்னொரு அடுக்கு ஸ்பைக்ஸ் போட்டுவிட்டுச் சாவதுதான் நல்லது.

போட்ட கல்லைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். கல்லை எடுக்க இரண்டு பிரதான வழிகள்: ரேபிட் ஸ்பின், டிஃபாக். கோல்டெங்கோ இரண்டையும் மறிக்கும். அது பேய் வகை, ஸ்பின் நார்மல் வகை; படவே படாது. குட் ஆஸ் கோல்ட் ஏபிலிட்டி இருப்பதால் டிஃபாக்கும் அதன்மேல் செல்லாது. எதிராளி துடைக்கப் போகிறார் என்று தெரிந்த டர்னில் இதை உள்ளே விட்டால் அவர் டர்ன் வீண், உங்களுக்கு ஒரு இலவச டர்ன். அதில் சிறப்பு அடியின் பலத்தை இரட்டிப்பாக்கும் நாஸ்டி பிளாட் போடுங்கள். ஸ்பின் அடிக்கும் கிரேட் டஸ்க்குக்கு நில வகை அடியும் உண்டு என்பதால் கையில் ஏர் பலூன் கொடுத்துவிடுங்கள். பலூன் வெடிக்கும் வரை எர்த்குவேக் படாது. பாருங்கள், கல் போட்டவரும் கல்லைக் காப்பவரும் அந்தக் கல்லால் பயனடைபவரும் மூன்று வேறு ஆட்கள். இப்படிப் பின்னினால்தான் அது டீம்.

இனி நடு வரிசைக்கு வருவோம். என் அனுபவத்தில் பெரும்பாலான தாக்குதல் டீம்கள் இங்கேதான் உடைகின்றன.

ஸ்வீப்பர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் இயல்பாகச் செய்வது, ஒருவருக்கு ஒரு சுவர் என்றால் அடுத்தவருக்கு வேறு சுவர் இருக்கும்படி பரப்பி வைப்பது. சமநிலையான டீமுக்கு அது சரி. தாக்குதல் டீமுக்கு நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்: ஒரே சுவரால் தடுக்கப்படும் இரண்டு மூன்று பேரை வேண்டுமென்றே சேர்த்து வையுங்கள். டிராகோனைட், ரோரிங் மூன், கிங்காம்பிட் மூவரும் உடல் வகை அடி அடிப்பவர்கள். எதிராளியிடம் இவர்களை வாங்கிக்கொள்ள ஒருவர், அதிகம் போனால் இருவர் இருப்பார்கள். பல டீம்களில் அது கார்விநைட்டாக இருக்கும். ரோரிங் மூன் உள்ளே வந்து நாக் ஆஃப் அடித்து அதன் கைப்பொருளைப் பறித்து, பாதி ஹெச்.பி.யை எடுத்துவிட்டு விழுகிறது. மூன் தோற்றதாகத் தெரியும். ஆனால் அதே கார்விநைட் அரை உயிரோடு டிராகோனைட்டை எதிர்கொள்ள வேண்டும். அதையும் சமாளித்தால் கடைசியில் கிங்காம்பிட். ஒரே கதவை மூன்று பேர் அடுத்தடுத்து மோதினால் அது திறந்துவிடும். மூன்று கதவுகளை ஆளுக்கொரு தடவை மோதினால் ஒன்றும் திறக்காது. உங்கள் பழைய டீம் செய்தது இரண்டாவது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அந்த ஒரே சுவர் எத்தனை பேர் மோதினாலும் உடையாத சுவராக இருந்தால் ஆறு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். டோன்டோசோதான் சரியான உதாரணம். அதன் அடிப்படை ஹெச்.பி. 150, டிஃபென்ஸ் 115. போதாததற்கு அன்அவேர் ஏபிலிட்டி. நீங்கள் டான்ஸ் ஆடி ஏற்றிய அட்டாக்கை அது கண்டுகொள்ளவே செய்யாது. ஆகவே ஆறில் இரண்டு இடம் வேறு மாதிரி, அதாவது சிறப்பு வகை அடி, அடிப்பவர்களுக்கு. கோல்டெங்கோ ஒன்று. ஐயன் வேலியண்ட் இன்னொன்று. மூன்பிளாஸ்ட், தண்டர்போல்ட் வைத்தால் டோன்டோசோ, கார்விநைட் இருவரையும் அவர்களின் மெலிந்த பக்கத்தில் அடிக்கும்.

அன்அவேர் பற்றி ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. அது மறப்பது டான்ஸ், பிளாட் போன்றவை ஏற்றும் படிநிலைகளை மட்டும்தான். கிங்காம்பிட்டின் சுப்ரீம் ஓவர்லார்டு அந்தக் கணக்கில் வராது. விழுந்த ஒவ்வொரு கூட்டாளிக்கும் 10 சதவீதம், ஐந்து பேர் விழுந்தால் 50 சதவீதம் என்று அது அடியின் பலத்தையே கூட்டுகிறது. அதனால் அன்அவேர் உள்ள ஸ்கெலிடெர்ஜ், கடைசியில் வரும் கிங்காம்பிட்டை நம்பி எதிர்கொள்ள முடியாது. அது பேய் வகையாகவும் இருப்பதால் இருள் அடி இரு மடங்கு விழும். எரித்து உடல் அடியைப் பாதியாக்கும் வில்-ஓ-விஸ்ப் முந்திக்கொண்டு விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். டீமில் எல்லோரும் சாகச் சாகப் பலம் கூடும் ஒருவர் கடைசியில் காத்திருப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இந்தத் தலைமுறையில் தாக்குதல் டீம்களின் கடைசி இடம் கிட்டத்தட்ட இவருக்கென்றே எழுதி வைத்தது போல ஆனது இதனால்தான்.

ஐயன் வேலியண்ட்டிடம் இன்னொரு நல்ல ஆயுதம் என்கோர். எதிராளி ரிக்கவர், ரூஸ்ட், கல் போடுவது என்று அடிக்காத ஒரு மூவ் செய்த அடுத்த நொடி என்கோர் போட்டால் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். அவர் ஆளை மாற்றியே ஆக வேண்டும், மாற்றினால் கல் குத்தும், அந்த டர்னில் நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம். சுவர் டீம்களுக்கு எதிராக நான் அதிக ஆட்டம் வென்றது பெரிய அடிகளால் இல்லை, இந்த ஒரு மூவால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்பீடு பற்றி நிதானமாகப் பேச வேண்டும். தாக்குதல் டீமுக்கு ஸ்பீடுதான் கவசம். முந்தி அடித்துக் கொன்றுவிட்டால் அடி வாங்க வேண்டியதே இல்லை. ஆனால் "வேகமாக இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, எண்ணைப் பார்க்க வேண்டும்.

டிராகோனைட்டின் அடிப்படை ஸ்பீடு 80. 100ஆம் லெவலில் 252 ஈ.வி. (பயிற்சிப் புள்ளி) கொடுத்து, அட்டாக்கைக் கூட்டும் அடமென்ட் குணம் வைத்தால் 259. அட்டாக்கையும் ஸ்பீடையும் ஏற்றும் டிராகன் டான்ஸ் ஒன்றுக்குப் பின் 388. ஸ்பீடைக் கூட்டும் ஜாலி குணம் வைத்தால் 284. டான்ஸுக்குப் பின் 426. முழு ஸ்பீடு டிராகபுல்ட் 421. ஆக, ஜாலி முந்துகிறது, அடமென்ட் முந்தவில்லை. ஐயன் வேலியண்ட்டின் 364, ரோரிங் மூனின் 370 இரண்டையும் பூஸ்டர் எனர்ஜி என்ற கைப்பொருள் இல்லாத வரை அடமென்ட்டே முந்திவிடும். இப்போது யோசியுங்கள். டிராகோனைட்டிடம் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு இருக்கிறது. முந்த முடியாதவர்களை, ஸ்பீடு பாராமல் முதலில் விழும் அந்த முன்னுரிமை அடியால் அடிக்கலாம். ஆனால் டிராகபுல்ட் பேய் வகை, நார்மல் அடி படாது. அடமென்ட்டுக்கு உண்மையான தொல்லை அந்த ஒருவர்தான். அவரை அடிக்கக் கிங்காம்பிட்டின் சக்கர் பஞ்ச் உங்களிடம் இருந்தால், டிராகோனைட்டை அடமென்ட் ஆக்கிப் பலத்தை எடுத்துக்கொள்ளலாம். கிங்காம்பிட் இல்லாத டீமில் ஜாலிதான். ஒருவரின் குணத்தை இன்னொருவர் தீர்மானிக்கிறார். இணையத்தில் கிடைக்கும் தயார் செட்டுகளை அப்படியே ஒட்டினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

பூஸ்டர் எனர்ஜியிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. அது உங்கள் போக்கிமானின் எந்த எண் உயர்ந்ததோ அதை மட்டும் ஏற்றும். ஸ்பீடு என்றால் 1.5 மடங்கு, மற்றது என்றால் 1.3 மடங்கு. ஐயன் வேலியண்ட்டுக்கு ஸ்பீடு கூட்டும் குணமும் முழு ஈ.வி.யும் கொடுத்தால் 364. அட்டாக் நடுநிலைக் குணத்தோடு முழுதாக ஏற்றினாலும் 359தான். ஆகவே ஸ்பீடு ஏறும், 546 ஆகும். ரோரிங் மூனுக்கு அப்படியில்லை. ஜாலி வைத்து இரண்டையும் முழுதாக ஏற்றினால் அட்டாக் 377, ஸ்பீடு 370. எனர்ஜி அட்டாக்குக்குப் போய்விடும். ஸ்பீடு ஏற வேண்டும் என்றால் அட்டாக்கில் 252க்குப் பதில் 220 ஈ.வி. போட்டு 369க்கு இறக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஆடி, முந்திவிடுவோம் என்று நம்பி நின்று அடிவாங்கும் புதியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ரோரிங் மூனுக்கு இந்த எனர்ஜி இன்னொரு வகையிலும் பொருந்தும். எனர்ஜி தீர்ந்ததும் கை காலியாகிவிடுவதால் அக்ரோபாடிக்ஸ் 55லிருந்து 110 பலமாகிறது.

மற்றபடி ஈ.வி. பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். அடிப்பதில் 252, ஸ்பீடில் 252, மீதி 4. அந்த 4ஐ எங்கே போடுவது என்பதில் மட்டும் சின்னக் கவனம். டிராகோனைட்டின் ஹெச்.பி. ஈ.வி. இல்லாமல் 323. அதில் 4 போட்டால் 324, அது நான்கால் மீதியின்றி வகுபடும் எண். கல் 25 சதவீதம் எடுப்பவருக்கு அது நான்காவது தடவை உள்ளே வரும்போது சாவு. 323 என்றால் நான்கு தடவைக்குப் பின்னும் 3 ஹெச்.பி. மிச்சம் இருக்கும். கல் குத்தாமல் காக்கும் ஹெவி-டியூட்டி பூட்ஸ் போட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை, ஆனால் நாக் ஆஃப் வாங்கிய பிறகு பூட்ஸ் இருக்காது. சரி, பூட்ஸ் ஏன் என்றால் மல்டிஸ்கேல். முழு ஹெச்.பி.யில் இருக்கும் வரை அடியைப் பாதியாக்கும் ஏபிலிட்டி. கல் ஒரு தடவை குத்தினால் அது போய்விடும். ஆகவே டிராகோனைட்டுக்கு லைஃப் ஆர்ப் கொடுக்க ஆசைப்படாதீர்கள். மல்டிஸ்கேலால் கிடைக்கும் ஒரு டான்ஸ், ஆர்ப் தரும் 1.3 மடங்குப் பலத்தைவிடப் பெரிது.

சாய்ஸ் பேண்ட், சாய்ஸ் ஸ்பெக்ஸ் பற்றி என் கருத்து: இந்த மாதிரி டீமில் வேண்டாம். 1.5 மடங்கு பலம் கவர்ச்சிதான். ஆனால் ஒரே மூவில் பூட்டிக்கொண்டால் எதிராளி அதற்கேற்ற ஆளை இறக்குவார், நீங்கள் மாற்ற வேண்டிவரும், மாற்றினால் டர்ன் போய்விடும். சம்பாதித்த காசைக் கொடுத்துப் பலம் வாங்குவது போலாகிவிடும்.

டெராவை (போக்கிமானின் வகையை மாற்றும் வசதியை) ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே யாருக்கு என்று மனதில் குறித்துவிடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு தடவைதான். என் வரிசையில் டிராகோனைட் நார்மல் டெரா எடுத்தால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு 80 பலத்திலிருந்து 120க்கு இணையாகிறது, பேய் அடியும் படாது. ரோரிங் மூன் பறக்கும் டெரா எடுத்தால் அக்ரோபாடிக்ஸ் பயங்கரமாகிறது. கிங்காம்பிட்டுக்குச் சண்டை வகை நான்கு மடங்கு; அதிலிருந்து தப்ப ஒரு டெரா கடைசிவரை இருந்தால் நல்லது. மூவரும் கேட்பார்கள், ஒருவருக்குத்தான் கிடைக்கும். எதிராளியின் ஆறு பேரைப் பார்த்தவுடன், இவர்களில் யார் கடைசியாக நின்றால் வெல்வோம் என்று ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். அந்தப் பெயருக்கே டெரா. மற்ற ஐந்து பேரும் அந்த ஒருவருக்காக வழி வெட்டும் ஆட்கள். நடுவில் பதற்றப்பட்டு வேறொருவரைக் காப்பாற்ற டெராவைச் செலவழித்துத் தோற்பதுதான் இந்த ஆட்டத்தில் மிகச் சாதாரணமான தோல்வி.

தடுப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். சுவர் வேண்டாம், ஆனால் வகைகள் ஒன்றையொன்று தாங்க வேண்டும். நான் சொன்ன ஆறில் மூனுக்கும் டிராகோனைட்டுக்கும் தேவதை அடி ஆகாது. மூனுக்கு நான்கு மடங்கு. கிளிம்மோராவும் கோல்டெங்கோவும் அதைப் பாதியாக வாங்குவார்கள். பனி அடி டிராகோனைட்டுக்கு நான்கு மடங்கு. கோல்டெங்கோ அதையும் பாதியாக்கும். கிங்காம்பிட்டை நோக்கி வரும் சண்டை அடி கோல்டெங்கோ மேல் படாது. நில அடி டிராகோனைட் மேல் படாது. இந்த நான்கு பாதைகள் இருந்தாலே எதிராளி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூவை அழுத்த முடியாது. நம் பக்கம் கல் விழுந்தாலும் வேலியண்ட், கோல்டெங்கோ, கிங்காம்பிட் மூவருக்கும் 6.25 சதவீதம்தான் போகும், டிராகோனைட்டுக்குப் பூட்ஸ். அதனால் கல் துடைப்பதற்கென்று தனியாக ஒரு இடம் ஒதுக்கவில்லை. மார்ட்டல் ஸ்பின் கிடைத்தால் சரி, இல்லையென்றாலும் சரி.

எதிராளி முதலில் டான்ஸ் ஆடிவிட்டால்? அதற்காகத்தான் இரண்டு முன்னுரிமை அடிகள். எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு, சக்கர் பஞ்ச். இரண்டும் இல்லாத தாக்குதல் டீமை நான் ஆடவே மாட்டேன். சக்கர் பஞ்ச் எதிராளி அடிக்கும் மூவைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே வேலை செய்யும், வில்-ஓ-விஸ்ப் போட்டால் வீண். ஆகவே கிங்காம்பிட் வரும் முன்பே எரிக்கும் ஆட்களை முடித்துவிட வேண்டும்.

லீடுக்கு வேறு வழிகளும் உண்டு. கிரிம்ஸ்னார்ல் பிராங்ஸ்டர் ஏபிலிட்டியால் முந்திக்கொண்டு ரிஃப்ளெக்ட், லைட் ஸ்கிரீன் என்ற இரண்டு தடுப்புத் திரைகளும் போடும். லைட் கிளே இருந்தால் 5 டர்னுக்குப் பதில் 8 டர்ன் நிற்கும், அடி பாதியாகும். அலோலா நைன்டேல்ஸ் பனி பெய்யவைத்து அரோரா வெய்ல் (Aurora Veil) என்ற திரையைப் போடும். ஸ்டிக்கி வெப் என்ற வலையைப் போட்டால் உள்ளே வருபவரின் ஸ்பீடு ஒரு படி இறங்கும். ஆனால் பூட்ஸ் போட்டவரையும் பறப்பவரையும் தொடாது. திரை டீமுக்கு ஏற்றிக்கொள்பவர்கள் நிறைய வேண்டும், வலை டீமுக்கு மெதுவான பலசாலிகள் வேண்டும். நீங்கள் இப்போதுதான் தொடங்குவதால் கல் டீமிலேயே பழகுங்கள். திரை டீம் எட்டு டர்ன் கணக்கை மனதில் ஓட்டச் சொல்லும், அது பின்னால் வரட்டும். இருவருக்கு இருவர் ஆடும் டபுள்ஸுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே கல் போட நேரமே இருக்காது, டெயில்விண்டும் ஃபேக் அவுட்டும்தான் பேச்சு.

கட்டி முடித்த பின் ஆடும்போது மாற்றிக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம். ஆள் சாகப்போகிறது என்றால் கை தானாக ஸ்விட்ச் பக்கம் போகும். நிறுத்துங்கள். மாற்றினால் உள்ளே வருபவர் அடி வாங்குவார், கல் வாங்குவார், டர்னும் போகும். இரண்டு பேர் காயம்பட்டு எதிராளி முழுதாக நிற்பார். நிற்கும் ஆள் கடைசியாக ஒரு அடி அடித்துவிட்டு விழட்டும். அடுத்தவர் காயமில்லாமல் வந்து அந்த அடியின் பலனை எடுத்துக்கொள்வார். தன் வேலையை முடித்த போக்கிமானின் உயிருக்கு மதிப்பில்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே நாளாயிற்று. ஆனால் கடைசியாக நிற்க வேண்டியவர் என்று குறித்த அந்த ஒருவர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள். அவரை நடுவில் அடி வாங்க இறக்கவே கூடாது.

சிங்கிள்ஸின் தடைப் பட்டியல் அவ்வப்போது மாறும், ஆகவே நான் சொன்ன ஆறு பேரில் யாராவது நீங்கள் ஆடும் பிரிவில் இல்லாமல் போகலாம். அப்போது அதே பெயரைத் தேடாமல் அதே வேலையைச் செய்பவரைத் தேடுங்கள்: கல் போடுபவர், கல்லைக் காப்பவர், சிறப்பு அடியால் சுவர் உடைப்பவர், உடல் அடி ஸ்வீப்பர் இருவர், கடைசியில் வருபவர்.

போக்கிமான் ஷோடவுன் என்ற இணையதளத்தில் இந்த ஆறை அப்படியே போட்டு முப்பது ஆட்டம் ஆடுங்கள், நடுவில் யாரையும் மாற்றாமல். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைச் சேமித்து வையுங்கள். அதில் பத்தாவது டர்னுக்குள் நீங்கள் எத்தனை தடவை ஸ்விட்ச் செய்தீர்கள் என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால் டீமைத் தொடாதீர்கள், ஆடும் விதத்தை மாற்றுங்கள். மூன்றுக்குள் இருந்தும் தோற்றிருந்தால், கடைசியில் உங்களை நிறுத்திய அந்த ஒரு எதிரிப் போக்கிமானின் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் ஐந்து ஆட்டத்தில் வந்தால், அதை அடிக்க வேலியண்ட்டிலோ கோல்டெங்கோவிலோ ஒரு மூவை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.